அப்பாவின் பழைய சொகுசு காரை அறக்கட்டளைக்குக் கொடுக்கலாமா? ராயபுரத்திலிருந்து ஒரு வினா

கல்மண்டபம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ராயபுரத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக கிளியரிங் ஏஜென்டாகத் தொழில் செய்த என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். 2009இல் அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஜெர்மானியச் சொகுசு செடான் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. டீசல் வண்டி; ஓடிய தூரம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். 2024இல் பதினைந்து ஆண்டுகள் நிறைவடைந்தபோது தகுதிச் சோதனைக்குத் தாமே ஓட்டிச் சென்று, ஐயாயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தி, பதிவை மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து வந்தார். அதன் பிறகு அவர் அதை அதிகம் ஓட்டவில்லை.

வண்டி நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் கடற்காற்று யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கதவுகளின் அடி விளிம்பில் பெயின்ட் கொப்புளம் போல எழும்பத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் விரல் நகத்தால் இலேசாகத் தொட்டபோதே ஓர் இடத்தில் பொரிந்து உதிர்ந்து, கீழே செந்தூரம் போலத் துரு தெரிந்தது. டிக்கியைத் திறந்தால் அப்பா வைத்திருந்த கற்பூர வில்லைகளின் மணம் இன்னும் இருக்கிறது.

இரண்டு தரகர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் இரண்டரை லட்சம் என்றார், மற்றவர் மூன்று லட்சம் வரை போகலாம் என்றார். அந்தத் தொகையைக் கேட்டதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "விற்க வேண்டாம், யாருக்காவது உபயோகப்படட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பியும் அதையே சொல்கிறான். அங்கே பழைய காரை அறநிறுவனத்துக்குக் கொடுப்பது சாதாரண வழக்கமாம். அவர்களே வந்து எடுத்துச் செல்வார்களாம், வருமான வரியிலும் கழிவு உண்டாம். கொடுங்கையூர், வியாசர்பாடிப் பகுதி ஏழைச் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்லும் சிறிய அறக்கட்டளை ஒன்றை எனக்குத் தெரியும். அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்பது எங்கள் எண்ணம்.

இதற்கு வரிக் கழிவு கிடைக்குமா, பெயர் மாற்றத்தை எப்படிச் செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாக இந்த வண்டி அவர்களுக்கு உண்மையாகவே பயன்படுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அம்மா, உங்கள் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம். வரி குறித்து மட்டும் நான் சொல்கிறேன்.

காரை அப்படியே கொடுத்தால் நம் நாட்டில் ஒரு ரூபாய்கூட வரிக் கழிவு கிடையாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80ஜி என்று நாம் அறிந்த பிரிவு, பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டுமே பொருந்தும். அரிசி, துணி, கணினி, கார் எதைக் கொடுத்தாலும், அதன் மதிப்பு எவ்வளவாக இருந்தாலும், அது அந்தப் பிரிவுக்குள் வராது. பணத்திலும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வேண்டும். பெறும் நிறுவனம் 80ஜி பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். ஆண்டு முடிந்ததும் அது நன்கொடை விவர அறிக்கையை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, உங்களுக்கு நன்கொடைச் சான்றிதழை வழங்க வேண்டும். அச்சடித்த ரசீது மட்டும் இப்போது போதாது. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கும் தொகையில் பாதிதான் கழிவாகும். அதற்கும் வருமானத்தில் பத்து விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. நீங்கள் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் கழிவே இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆசிரியர்கள் பலர் புதிய முறைக்கு மாறிவிட்டார்கள்.

தம்பி சொல்வது அமெரிக்க நடைமுறை, அது அங்கே உண்மை. ஆனால் அங்கேயும் நன்கொடையாக வரும் கார்களில் பெரும்பாலானவற்றை அறநிறுவனம் ஓட்டுவதில்லை. ஏலத்தில் விற்றுப் பணமாக்கிக்கொள்கிறது. 2004இல் சட்டத்தைத் திருத்தி, 2005 முதல், ஐந்நூறு டாலருக்கு மேல் கழிவு கோரினால் அந்தக் கார் உண்மையில் விற்ற தொகை வரைக்கும்தான் கழிவு என்று வரையறுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு அவரவர் தம் காருக்குத் தாமே ஒரு மதிப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆக அமெரிக்கர் காரைக் கொடுத்தாலும் கணக்கில் ஏறுவது விற்ற பணம்தான். நம் ஊரில் விற்கும் வேலையை நாமே செய்துவிட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவே வேறுபாடு.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் மூலதனச் சொத்தாகக் கருதப்படாது என்பதால், விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் தந்தை தொழில் செய்தவர், இந்தக் காரை நிறுவனக் கணக்கில் காட்டித் தேய்மானம் கழித்திருந்தால் கதை வேறு. அவருடைய கணக்குத் தணிக்கையாளரிடம் பழைய இருப்புநிலைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, விற்பனைத் தொகையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது; வாங்கினால், வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க முடியும். தரகர்கள் கையில் கட்டாக வைத்துக்கொண்டு நீட்டுவார்கள், மறுத்துவிடுங்கள்.

தேரடி எழுதியது:

நான் திருவொற்றியூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளே என் தொழிலில் பெரும்பகுதி. கொடுப்பது, விற்பது எதுவானாலும், அதற்கு முன் அம்மையார் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. வண்டி இன்னும் மறைந்தவரின் பெயரில் இருக்கிறது. மறைந்தவர் சார்பில் யாரும் உரிமை மாற்றத்தை அறிவிக்கும் படிவம் 29இல் கையெழுத்திட முடியாது. "பழைய கையெழுத்துப் போட்ட படிவம் வீட்டில் இருக்கிறதா பாருங்கள்" என்று சில தரகர்கள் கேட்பார்கள். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

உரிமையாளர் இறந்தால், வாரிசு முப்பது நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 வழியாகத் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. காலம் கடந்திருந்தால் தாமதத்துக்கான கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும், மாற்றமே கிடைக்காமல் போகாது. இறப்புச் சான்று, வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்று, ஆர்சி என்ற வாகனப் பதிவுச் சான்று, நடப்பிலுள்ள காப்பீடு, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். உங்கள் தம்பி நியூஜெர்சியில் இருப்பதால், அவருடைய உறுதிமொழியை நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்லுங்கள். வண்டிக்குக் கடன் வாங்கியிருந்தால், எப்போதோ அடைத்திருந்தாலும், ஆர்சியில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கடன் பதிவை நீக்கப் படிவம் 35 தேவை. 2009இல் வாங்கிய வண்டிகள் பலவற்றில் இந்தப் பதிவு நீக்கப்படாமலே கிடக்கிறது.

உங்கள் பெயருக்கு வந்த பிறகு, படிவம் 29, 30 வழியாக அடுத்தவருக்கு மாற்றலாம். மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் பதினான்கு நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும், பெறுபவர் முப்பது நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அறக்கட்டளைக்குக் கொடுப்பதானால் ஆர்சி அறக்கட்டளையின் பெயரில்தான் வர வேண்டும், செயலாளரின் சொந்தப் பெயரில் அன்று. அறங்காவலர் குழுவின் தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: கார் எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு. நல்ல மனத்தோடு சாவியைக் கொடுத்துவிட்டு, பெயர் மாற்றத்தை "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டவர்கள், சில ஆண்டுகள் கழித்துக் கையில் நோட்டீஸுடன் என் அலுவலகப் படியேறி வருவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தானம் கொடுத்தேன் என்பது அங்கே எதிர்வாதம் ஆகாது. பெயர் மாறியதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

பணிமனை எழுதியது:

வியாசர்பாடியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சொகுசு வண்டிகளும் வருகின்றன. அம்மா கேட்ட மூன்றாவது கேள்விக்கு என் பதில்: அந்த வண்டி அவர்களுக்குப் பயன்படாது. வண்டியின் மீது குறை சொல்லவில்லை. அதைப் பராமரிக்க ஒரு குடும்பம் வேண்டும், உங்கள் தந்தை அதைத்தான் செய்திருக்கிறார்.

இந்த வகை வண்டிகளில் பேட்டரி சாதாரண பேட்டரி அன்று. விலை இரண்டு மூன்று மடங்கு. மாற்றியதும் கணினியில் பதிவு செய்ய வேண்டிய வண்டிகளும் உண்டு. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முதலில் போவது அதுதான். அடுத்தது டயர். மேல் வரிகள் தேயாமல் அழகாக இருக்கும், ஆனால் பக்கச் சுவரில் விரலால் அழுத்தி விரித்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு இலக்கம் ஆண்டு. 1416 என்று இருந்தால் 2016ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்தது. அப்படிப்பட்ட டயரில் நோயாளியை ஏற்றிக்கொண்டு போக நான் சம்மதிக்க மாட்டேன். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நம் ஊர்க் காற்றில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். இவற்றை மட்டும் சரி செய்தாலே லட்ச ரூபாயை நெருங்கிவிடும். சஸ்பென்ஷனில் ஏதாவது என்றால் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கழற்றிய உதிரி கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும்.

வட சென்னைச் சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செடான் தரையோடு தரையாகப் போகிற வண்டி. பல மாடல்களில் என்ஜினுக்குக் காற்று உறிஞ்சும் வாய் முன்புற கிரில்லுக்குப் பின்னாலேயே இருக்கும். மழைக்காலத்தில் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் இறங்கினால் போதும், சிலிண்டருக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு என் பட்டறை வாசலில் வரிசையாக நின்றவற்றில், இரண்டாவது முறை சாவியைத் திருப்பியதால் மட்டுமே என்ஜின் போன வண்டிகள் இருந்தன. சொந்தக்காரர் என்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். நோயாளி பின்னால் உட்கார்ந்திருக்க, அறக்கட்டளையின் சம்பள ஓட்டுநர் என்ன செய்வார்?

வெண்புறா எழுதியது:

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தண்டையார்பேட்டைப் பக்கம் நோயாளிகளுக்கு உதவும் சிறு குழுவில் பதினோரு ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். எங்களுக்கு இப்படி ஒரு சொகுசு செடான் நன்கொடையாக வந்தது. கொடுத்தவர் மிக நல்ல மனிதர், அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நாங்கள் செய்த தவறு.

டயாலிசிஸ் முடிந்து வெளியே வருபவரை நீங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருந்து எழுந்தவருக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், எழுந்து நின்றாலே தலை சுற்றும். ஊசி போட்ட கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருப்பதால் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. செடானின் இருக்கை முழங்காலுக்குக் கீழே இருக்கும். அதில் உட்கார அவர் முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்து, உடலைப் பின்னால் சாய்த்து விழ வேண்டும். இறங்கும்போது ஒருவர் அக்குளில் கை கொடுத்தும் போதாமல் இன்னொருவர் மறுபக்கம் நின்று தூக்க வேண்டியிருந்தது. ஆட்டோ என்றால் இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது, குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரே ஏறிவிடுகிறார். வேன் என்றால் இன்னும் எளிது.

இன்னொன்றை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. கொருக்குப்பேட்டையில் ஒரு குடிசைப் பகுதியிலிருந்து வாரம் மூன்று முறை அழைத்துவந்த அம்மா, இரண்டாவது வாரமே "ஆட்டோவே போதும் தம்பி" என்று சொல்லிவிட்டார். காரணத்தைப் பிறகு அவருடைய மகள்தான் என்னிடம் சொன்னார். தெருவில் அந்தக் கார் வந்து நிற்பதைப் பார்த்து, இவர்களுக்கு எங்கோ பணம் வருகிறது என்று பேச்சு கிளம்பி, பால்காரரிடம் இருந்த கடனைக்கூட உடனே கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். அந்த அம்மா காரில் உட்காரும்போது தோல் இருக்கை அழுக்காகிவிடும் என்று பயந்து, தன் துண்டை விரித்து அதன் மேல் உட்காருவார். கொடுத்தவரும் பெற்றவரும் நல்லவர்கள்தான், இருந்தும் நோயாளிக்குக் கூச்சம்தான் மிஞ்சியது.

ஏழு மாதத்தில் வண்டி நின்றது. பழுது பார்க்கச் சொன்ன தொகை எங்கள் இரண்டு மாதச் செலவு. விற்க நினைத்தால், கொடுத்தவர் கோவிலுக்கு நேர்ந்துவிட்டது போல நினைத்திருந்தார், அவரிடம் கேட்கவே எங்களுக்கு நா எழவில்லை. பின்பக்கக் கண்ணாடி மேல் அரசமரத்துச் சருகும் பறவை எச்சமுமாக ஒன்றரை ஆண்டு நின்று, கடைசியில் மிகக் குறைந்த விலைக்குப் போயிற்று. அந்த இடைக்காலத்திலும் காப்பீடு கட்டினோம். ஆயிரத்து ஐந்நூறு சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே அப்போது ஆண்டுக்கு 7,897 ரூபாய், அதற்கு மேல் வரி தனி.

பணமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறேன். ஒரு நோயாளிக்கு வாரம் மூன்று முறை, போக வர ஆறு சவாரி. கொடுங்கையூரிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்கு எங்கள் வழக்கமான ஆட்டோக்காரர்கள் எங்களிடம் இருநூறு ரூபாய் வாங்குகிறார்கள். வாரம் ஆயிரத்து இருநூறு; ஆண்டுக்கு 62,400. மூன்று லட்சம் ரூபாய் இருந்தால், ஏறக்குறைய ஐந்து பேர் ஓர் ஆண்டு முழுவதும் ஒரு டயாலிசிஸும் தவறாமல் போய் வரலாம். பயணச் செலவுக்குப் பணமில்லாமல் மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொண்டு, கால் வீங்கி, மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். எங்களுக்குத் தேவை அந்த மூன்றாவது பயணம்.

ரெட்டேரி எழுதியது:

வெண்புறா அவர்களின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு நோய்த்தணிப்பு சிகிச்சைக் குழுவில் மருத்துவரும் செவிலியரும் வீடு வீடாகச் செல்வதற்கு நன்கொடையாக வந்த செடானைத்தான் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே ஏறி இறங்குபவர் நோயாளி அல்லர்; மருந்துப் பெட்டியும் ஆக்சிஜன் கருவியும் டிக்கியில் பத்திரமாகப் போகின்றன. ஆனால் அது சாதாரண ஜப்பானிய வண்டி. அறங்காவலர்களில் ஒருவரே பட்டறை வைத்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பணமாகக் கொடுத்தால் அது பொதுக் கணக்கில் கரைந்துவிடும், பொருளாகக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. மறைந்த தந்தையின் நினைவாகக் கொடுக்கும்போது அந்த ஆசை இன்னும் கூடும். கொடுக்கும் முன் அந்த அமைப்பையே நேரில் கேட்டீர்களா, அம்மா? "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்க வேண்டும். "கார் வேண்டுமா" என்று கேட்டால் அவர்கள் வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

தேரடி எழுதியது:

ரெட்டேரி அவர்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை எண் பலகை வண்டியில் நோயாளியிடம் டீசலுக்கு என்று ஐம்பது ரூபாய் வாங்கினாலும் அது வாடகைப் பயன்பாடு என்ற வாதத்துக்கு வழிவிடும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதாகக் காப்பீட்டு நிறுவனம் எதிர்வழக்காடினால், அறக்கட்டளை தன் கையிலிருந்து இழப்பீடு கொடுக்க நேரிடலாம். சிறு அமைப்புகள் நல்லெண்ணத்தோடு இந்தத் தவற்றைச் செய்கின்றன.

பயிற்றுநர் எழுதியது:

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் கற்பிக்கிறேன். இது இரண்டு ஆண்டுப் படிப்பு. எர்ணாவூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வரும் மாணவர்கள் எங்களிடம் படிக்கிறார்கள்; பெரும்பாலோர் வீட்டில் கார் என்ற ஒன்றே இருந்ததில்லை. பாடத்தில் காமன் ரெயில் டீசல், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பல பயிற்சிக் கூடங்களில் வெட்டி வைத்த பழைய என்ஜின்தான் இருக்கிறது. ஸ்கேனரை மாட்டி, சென்சாரைக் கழற்றிவிட்டு, என்ன பிழைக் குறியீடு வருகிறது என்று ஒரு மாணவன் தன் கையால் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கரும்பலகையில் ஒரு மாதம் எழுதினாலும் ஈடாகாது. எனவே சொகுசு செடான் எங்களுக்குப் பொக்கிஷம்.

இப்படிச் சொல்லிவிட்டு, உங்கள் காரை எங்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறேன், அம்மா. ஓடுகிற, மூன்று லட்சம் பெறுமானமுள்ள வண்டியை நாங்கள் கழற்றிப் பிரிப்பது நியாயமில்லை. வெண்புறா அவர்கள் சொன்ன அந்த ஐந்து பேரை நினைத்தால் எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்கு வேண்டியது என்ஜின் போன, வெள்ளத்தில் மூழ்கிய, பழுது பார்க்கக் கட்டுப்படியாகாத வண்டி. இதைப் படிக்கும் யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால், எடைக்குப் போடும் முன் அருகிலுள்ள அரசு அல்லது உதவிபெறும் பயிற்சி நிலையத்தின் முதல்வரைப் பாருங்கள். துறையின் அனுமதி பெற்றுத்தான் ஏற்பார்கள், சில வாரங்கள் ஆகும். இனி சாலையில் ஓடாது என்பதால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்துவிட்டுக் கொடுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்தச் சுற்றில் சிறிது நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும், உடனே கை வைக்க மாணவர்களை விட மாட்டோம்.

எண்ணூர் அலை எழுதியது:

சுருக்கமாக ஒரு சேர்ப்பு. பயிற்சி நிலையமும் ஏற்காத நிலையில் உள்ள வண்டியை, 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணம் விலக்கும் வாகன வரியில் சலுகையும் பெறலாம். எடைக்கு வாங்கும் பழைய இரும்புக் கடையில் போட்டால் இது எதுவும் இல்லை, சேசிஸ் எண் எங்கே போகிறது என்பதும் தெரியாது.

கல்மண்டபம் எழுதியது (நான்கு மாதங்களுக்குப் பின்):

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியவற்றை அச்செடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொருக்குப்பேட்டை அம்மா துண்டு விரித்து உட்கார்ந்த பகுதி வந்தபோது, மறுபடி படி என்றார்கள். பிறகு சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. மாலையில் "வித்துடு" என்று மட்டும் சொன்னார்கள்.

ரெட்டேரி அவர்கள் சொன்னபடி அந்த அறக்கட்டளையை நேரில் பார்த்தேன். கார் என்ற பேச்சையே எடுக்காமல் என்ன தேவை என்று கேட்டேன். செயலாளர் ஒரு நீள நோட்டைத் திறந்து காட்டினார். பெயர்களுக்கு எதிரே செவ்வாய், வியாழன், சனி என்று கட்டங்கள். பல கட்டங்களில் சிவப்பு மையில் சுழி. பணமில்லாததால் ஆட்டோ அனுப்ப முடியாத நாள்களுக்கு அந்தச் சுழி என்றார்.

படிவம் 31க்குத்தான் அதிக நாள் ஆயிற்று. வாரிசுச் சான்றில் அப்பாவின் பெயரில் முன்னெழுத்து ஒன்றாகவும் ஆர்சியில் வேறாகவும் இருந்ததால் இரண்டு முறை திரும்பி வந்தேன். தேரடி ஐயா சொன்னபடியே ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தது, 2014இல் அடைத்த கடன். அந்தத் தடையின்மைக் கடிதத்துக்கு மூன்று வாரம். கணக்குப்பிள்ளை ஐயா எச்சரித்தது நல்லதாயிற்று: கார் நிறுவனக் கணக்கில் இல்லை, அப்பா சொந்தப் பணத்தில்தான் வாங்கியிருக்கிறார் என்பதைத் தணிக்கையாளர் எழுதிக் கொடுத்தார்.

பணிமனை அண்ணன் தாமே வந்து வண்டியைப் பார்த்து, பேட்டரியை மட்டும் மாற்றச் சொன்னார். பார்த்ததற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். மாதவரத்தில் இதே மாடல் வைத்திருக்கும், இந்த வண்டிகளின் மேல் பற்றுள்ள ஒருவரை அவரே அழைத்து வந்தார். மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு முடிந்தது, முழுத் தொகையும் வங்கி வழியாக. பெயர் மாறியதைத் தளத்தில் பார்த்த மறுநாள் சாவியைக் கொடுத்தேன். அவர் நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, புது வண்டி போலத்தான் எடுத்துச் சென்றார். அம்மா வாசல்வரை வந்து நின்று பார்த்தார்கள்.

தொகை முழுவதையும் அறக்கட்டளைக்கு அனுப்பினேன். பயணச் செலவுக்கு மட்டும் என்று கடிதத்தில் குறிப்பிட்டேன், அவர்களும் தனித் தலைப்பில் வரவு வைத்திருக்கிறார்கள். நான் புதிய வரி முறையில் இருப்பதால் எனக்குக் கழிவு இல்லை. அதைப் பற்றி எங்களுக்கு வருத்தமும் இல்லை. தம்பி தன் பங்காக ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்ப விரும்புகிறான். அவனிடம் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டே இருக்கிறது. தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வராது என்று தணிக்கையாளர் சொன்னார், கணக்குப்பிள்ளை ஐயா உறுதிப்படுத்தினால் நல்லது.

ஒரு சந்தேகம் பாக்கி. வண்டியின் ஃபாஸ்டேக் இன்னும் அப்பாவின் கைப்பேசி எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணை அம்மா ரத்து செய்ய விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு ஃபாஸ்டேக் கணக்கை மட்டும் மூட முடியுமா என்பதை யாராவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தணிக்கையாளர் சொன்னது சரி, அம்மா. தம்பி குடியுரிமை மாறினால் மட்டும் அது மாறும். அப்போது அந்த அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக்கைக் கொடுத்த வங்கிக்கு இறப்புச் சான்று, புது ஆர்சி விவரம் இரண்டையும் இணைத்து மூடக் கோரி எழுதுங்கள். கைப்பேசி எண் தனி, ஃபாஸ்டேக் கணக்கு தனி. எண் அம்மாவிடமே இருக்கட்டும்.